கடல் தண்ணீர் குடித்த மாமரம்

இருபது லிட்டர் பிடிக்கும் நீல டிரம்கள் இரண்டு. முன்பு சமையல் எண்ணெய் வந்த டிரம்கள். கழுவிக் கழுவி வெயிலில் காயவைத்து, மூடிக்குப் பிளாஸ்டிக் பை சுற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என் மாமனார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல. மாசி மகத்தன்று சி ரூசா கடற்கரையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை வரும் பக்கம் டிரம்மின் வாயைச் சாய்த்துப் பிடித்தபடி அவர் குனிந்து நின்றாரே, அந்த நிலைதான் வரும். அலை மணலையும் சேர்த்துக் கொண்டுவரும். மணல் அடங்கும்வரை காத்திருந்து மேல்தண்ணீரை மட்டும் பிடிக்க வேண்டும். அந்தப் பொறுமையெல்லாம் அவருக்குத் தண்ணீரிடம் மட்டும்தான்; மனிதர்களிடம் கிடையாது. குளித்து முடித்து நாங்கள் எல்லாரும் உடம்பெல்லாம் பிசுபிசுக்க வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். “வாங்க மாமா, போலாம்” என்று கூப்பிட்டேன். “அவசரம்னா நீங்க பஸ் புடிச்சுப் போங்க டீச்சர்” என்றார் திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மருமகளைப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார், அம்மா என்றும் கூப்பிடமாட்டார். டீச்சர்தான். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக, இருந்தவர் அவர். ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்திலும் சரி, அதையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட பிறகும் சரி, விடிவதற்குள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துவிடும் பெரட்டு அவர் கையில்தான் இருந்தது. பெரட்டில் மண்டோர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது சரியோ தப்போ, அன்றைக்கு அதுதான். தப்பு என்று பத்து நிமிஷத்தில் அவருக்கே தெரிந்தாலும் மாற்றிச் சொல்லமாட்டார். மாற்றிச் சொன்னால் மறுநாள் எவனும் மதிக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. ஓய்வு பெற்று, தாமான் என்று சொல்லும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பெரட்டை விடவில்லை. காலையில் என் கணவர் குளிக்கப் போகும் நேரம், அத்தை துணி காயப்போடும் கம்பி, நான் காரை நிறுத்தும் இடம் எல்லாம் அவர் பிரித்துவிட்டபடிதான் நடக்கும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். பிறகு பழகிவிட்டது. சில நாள் அவர் சொல்லாமல் விட்டால்தான் ஏதோ உடம்பு சரியில்லையோ என்று தோன்றும்.

தோட்டத்தை விட்டு வந்தபோது அண்ணனும் தம்பியும் பிரியக் கூடாது என்று பக்கத்துப் பக்கத்து வீடாகவே பார்த்து வாங்கியிருந்தார்கள். தம்பியை நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். அதே தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் வேலையில் இருந்தவர். வெளியே வந்த பிறகும் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு கோலா பிலா பக்கமெல்லாம் சின்னச் சின்னத் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கப் போய்வந்தார். அதிகம் பேசமாட்டார். அண்ணன் கத்தினால் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சின்னச் சாக்கடை, இந்தப் பக்கம் பெரிய சிமெண்டு வளையத்தில் என் மாமனார் வைத்த மாமரம். மூன்று வருஷக் கன்று. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பூத்திருந்தது. கிளை பாதி சின்ன மாமா வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். கெரெங்கா எறும்பு, சிவப்பாக நீளமாக இருக்குமே, கடித்தால் உயிர் போகுமே, அது கிளையில் இலையைச் சுருட்டிக் கூடு கட்டி, அவருடைய மோட்டார்சைக்கிள் மேல் பொலபொலவென்று விழும். “அண்ணே, அந்தக் கெளைய மட்டும் கொஞ்சம் கழிச்சு விடுங்கண்ணே. மோட்டார எடுக்கப் போனா சட்டைக்குள்ள பூந்துருது” என்பார். “மரத்துக்குக் கீழ மோட்டார நிறுத்தச் சொன்னது யாருலா?” என்பார் இவர். வாரம் ஒரு முறை இந்தப் பேச்சு நடக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடலிலிருந்து வந்த அன்று சாயங்காலம் மாமா வீடு முழுக்கக் கடல் தண்ணீர் தெளித்தார். வாசல், சாமி அறை, காரின் நான்கு சக்கரம், என் கணவரின் தலை. வருஷா வருஷம் செய்வதுதான். வழக்கமாக ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவருவாராம். அந்த வருஷம் மரம் முதல் பூ விட்டிருக்கிறதே என்று இரண்டு டிரம். ஒரு டிரம்மில் தெளித்தது போக மிச்சம் இருந்த தண்ணீரை, ஏறக்குறைய முழு டிரம்மை, அப்படியே தூக்கி மாமரத்து வளையத்தில் ஊற்றினார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “எதுக்கு மாமா?” என்று கேட்கவும் செய்தேன். “தென்னைக்கு வேர்ல உப்பு வைக்கிறோம், குலை குலையா தள்ளுது. இது தீர்த்தம் வேற. காய் ஒன்னொன்னும் எப்படி வருது பாருங்க” என்றார். நானும் “ஓ” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரெம்பாவில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள் நான். உப்புத் தண்ணீர் உயிருள்ள செல்லை என்ன செய்யும் என்று வருஷா வருஷம் வெண்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கேள்வி கேட்டு, மார்க் குறைத்து, பிள்ளைகளைத் திட்டி எல்லாம் செய்பவள். என் கண் முன்னால் ஒரு மனிதர் இருபது லிட்டர் கடலை ஒரு கன்றின் வேரில் கொட்டுகிறார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி என்று அன்றைக்கு நானே நிரூபித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் தொங்கிப்போனது. மழையே இல்லாத மாதம் அது. குழாயிலும் தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. வெயிலில் வாடுகிறது என்று நினைத்தார். ஆனால் வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாகவே இருந்தது. ஈரத்தில் நிற்கிற மரம் தண்ணீர் இல்லாத மரம் மாதிரி ஏன் வாடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. மரத்துக்குத் தெம்பு போதவில்லை என்று முடிவு செய்து, இரண்டாவது டிரம்மையும் திறந்து ஊற்றினார். இதை நான் பார்க்கவில்லை, பள்ளியில் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. பூ முழுவதும் உதிர்ந்து வளையத்தைச் சுற்றிக் கருகிக் கிடந்தது. அத்தை அதைப் பெருக்கப் போனபோது, “பெருக்காத, அப்படியே இருக்கட்டும், நாலு பேரு பாக்கட்டும்” என்றார். 

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தெருவில் எல்லாரும் பசாருக்குக் கிளம்பும் நேரம். மாமா வேலியருகில் நின்றுகொண்டு தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெரட்டில் கூப்பிடும் குரல். “முப்பது வருஷம் மருந்து அடிக்கிறத பாத்தவன் நானு. எல எப்படிக் கருகும்னு எனக்குத் தெரியாதா? கெளைய வெட்டச் சொன்ன, வெட்டல. வேர்ல ஊத்திட்ட” என்றார். எதிர்வீட்டுக்காரர்கள், மூலைவீட்டுச் சீனத்துப் பெரியவர், ரொட்டி விற்க மோட்டாரில் வந்தவர், எல்லாரும் நின்றுவிட்டார்கள். சின்ன மாமா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மருந்து பம்பு. அதை வேலிக்கு மேல் தூக்கிப் பிடித்து, “மோந்து பாருங்கண்ணே. ரெண்டு வாரமா இதுல மருந்தே ஊத்தல. காஞ்சு கெடக்கு” என்றார். “கழுவி வச்சிருப்ப” என்றார் இவர். அந்த நேரம் சின்ன மாமாவின் முகம் எப்படி ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதில் மரம் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்கமாட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமாவின் ஒரே மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் சிரம்பானிலிருந்து தட்டு எடுத்து வருகிறார்கள். பெண் வீட்டுத் தட்டைக் கொடுத்து, அவர்கள் தட்டை வாங்கிக்கொள்ள வேண்டியவர் பெண்ணின் பெரியப்பா, அதாவது என் மாமனார். அந்தக் குடும்பத்தில் மூத்த ஆண் அவர் ஒருவர்தான். அவர்கள் அப்பா, தாத்தா காலத்திலிருந்து மூத்தவர் கைதான் தட்டில் பட வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு மாமா வாசலில் நின்று அத்தையிடம் கடைசியாக ஒன்று சொன்னார்: “தட்டு வாங்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு.” சொல்லிவிட்டார். மண்டோர் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டில் அந்தப் பெண் அழுவது வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை எனக்கு நான்காம் படிவ வகுப்பு. உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி, சிலதை வெறும் தண்ணீரிலும் சிலதை உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டு வைக்கும் பரிசோதனை. அரை மணி நேரம் கழித்து எடுத்தால் வெறும் தண்ணீரில் கிடந்தது விறைத்து நிற்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது தொங்கிப்போகும். ஒரு பையன் தொங்கிய துண்டை இரண்டு விரலில் தூக்கி ஆட்டிக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே அரை மணி நேரம் கிடந்த துண்டு தண்ணீர் இல்லாமல் தொங்குகிறது. ஈரத்தில் நிற்கிற மரம் வாடுகிறது. ஐயோ, அந்த நீல டிரம்! தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாற்போல் இருந்தது. அப்படியே மேசையில் உட்கார்ந்துவிட்டேன். “சிக்கு, ஓகே தாக்?” என்று, டீச்சருக்கு ஒன்றும் இல்லையே என்று மலாயில் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள். ஓகே, ஓகே என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வளையத்தைப் பார்த்தேன். மண்ணின் மேல் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. கணவரிடம் சொன்னேன். அவர் பயந்துபோய், “நீ தலையிடாத. அவரே ஊத்தி அவரே கொன்னாருன்னு அவர்கிட்டயே சொல்லப் போறியா? தெரு முழுக்க சித்தப்பாவச் சொல்லி முடிச்சாச்சு. இனிமே அவரு எறங்கி வரமாட்டாரு” என்றார். அது உண்மைதான். எட்டு மாத மருமகள் எந்த வாயால் சொல்வது? போதாததற்கு எனக்கு இன்னொரு கஷ்டம். இந்தப் பாடத்தை நான் மலாயில்தான் சொல்லிக்கொடுக்கிறேன், இடையிடையே ஆங்கிலம். சமையலறையில் நின்று தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். மூன்று நாள் அப்படியே ஓட்டினேன். அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டில் ரேடியோ பாடவில்லை, சமையல் வாசம்கூட வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தில் கேட்டு ஒரு நுண்ணோக்கியைக் காரில் வைத்துக் கொண்டுவந்தேன். ஐந்து மணி வெயில் நன்றாக இருந்தது. சாப்பாட்டு மேசையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, அத்தையின் கூடையிலிருந்து சிவப்பு வெங்காயம் ஒன்றை எடுத்து உரித்தேன். ஊதா நிறத் தோலுக்கு அடியில் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று உரிந்து வரும். அதைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து மூடி, “மாமா, ஒன்னு காட்டணும், கொஞ்சம் வர்றீங்களா?” என்றேன். “என்னா டீச்சர், நாளைக்குப் பரீட்சையா எனக்கு?” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணில் சதை வளர்ந்து அறுவை செய்தவர். இடது கண்ணில்தான் பார்வை. குனிந்து வெகுநேரம் பிடிபடாமல் தடுமாறி, பிறகு அசையாமல் நின்றுவிட்டார். “கட்டம் கட்டமா இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஊதா. தோட்டத்துல வரிசையா நிக்கிற லயத்து வீட்டுக்கெல்லாம் ஒரே சாயம் அடிச்ச மாதிரி.” அதுதான் செல் என்றேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பை இருக்கிறது, ஊதாத் தண்ணீர் நிறைந்த பை. அந்தப் பை தண்ணீரைப் போகவும் வரவும் விடும், உப்பை எளிதில் விடாது. இவ்வளவுதான் என் தமிழுக்கு வந்தது. பிறகு ஒரு கிண்ணத்தில் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டு ஓரத்தில் விட்டேன். “இப்ப பாருங்க மாமா. கண்ண எடுக்காதீங்க.”

மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். பிறகு, “சுருங்குது” என்றார். “செவரு அப்படியே நிக்குது. உள்ள இருக்கிற பை மட்டும் சுருங்கி நடுவுல போய் ஒட்டுது. எல்லா வீட்டுலயும் லா! ஒன்னையும் விடல!” வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு, அதனால் உள்ளே இருக்கிற தண்ணீர் உப்பு இருக்கிற பக்கமே போய்விடுகிறது என்றேன். வேர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுப்பதும் இப்படித்தான். மண் தண்ணீர் உள்ளே இருப்பதைவிட உப்பாகிவிட்டால் இழுக்க முடியாது, இருப்பதும் போய்விடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும், ஆனால் குடிக்க முடியாது.  அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “தென்னை?” என்றார், அப்படியே குனிந்தபடி. தென்னை கடலோரத்து மரம், கொஞ்சம் உப்பைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு சமாளிக்கும், மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்றேன்.  அவர் பிடரி சிவந்து வருவதைப் பார்த்தேன். கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். “அப்ப ரெண்டாவது டிரம்மும்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரும் ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார். “இதுக்கா இம்புட்டுச் சாமான்? மாங்காய உப்புல போட்டா தண்ணி விட்டுச் சுருங்கும்னு எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா ஊறுகா போடுறேன்” என்றார். மாமா நிமிர்ந்து, “தெரிஞ்சா ஏன்டி சொல்லல?” என்று பாய்ந்தார். “அங்க ஊத்துனது கடல் தண்ணின்னு எனக்கு யாரு சொன்னா? தெளிச்சு முடிச்சாச்சுன்னுல்ல நெனச்சேன்! நீங்க எதத்தான் எங்கிட்ட சொல்லிச் செஞ்சிருக்கீங்க?” மாமா செருப்பைத் தேடினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல வேளை, வெங்காயம் உரித்த கண்ணைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டு தப்பித்தேன்.

கிளம்பப் போனவரை நான்தான் நிறுத்தினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. உப்புத் தண்ணீரை உறிஞ்சு காகிதத்தால் ஒரு பக்கம் இழுத்து எடுத்துக்கொண்டே, மறுபக்கம் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். “பாருங்க மாமா.” பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “திரும்பி வருது” என்றார் மெதுவாக. “பை விரியுது. செவருகிட்ட வருது. எல்லாம் வருதா? இல்ல, ஒன்னு ரெண்டு அப்படியே கெடக்கு.” ரொம்ப நேரம் உப்பில் கிடந்தால் திரும்பாது, செத்துப்போகும், எவ்வளவு சீக்கிரம் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது என்றேன். நான் வெங்காயத்தையும் மாமரத்தையும்தான் சொன்னேன், சத்தியமாக வேறெதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வெளியே போய், வளையத்தின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வெளியே சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மாமா கடப்பாரையால் வளையத்தின் அடியில் சாக்கடைப் பக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்து வைத்திருந்தார். அது ஒரு வாளி நிறைவதற்கே கால் மணி நேரம் எடுத்தது. மரம் பிழைக்க வேண்டுமென்றால் உப்பெல்லாம் கரைந்து வெளியே ஓடும் அளவுக்கு ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த வாளியை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. அந்தத் தெருவிலேயே நிறைய தண்ணீர் இருந்த இடம் ஒன்றுதான்: மருந்து கலக்கும் வேலைக்காகச் சின்ன மாமா வீட்டுப் பக்கவாட்டில் எப்போதும் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் பெரிய கறுப்புத் தொட்டி. மாமா வேலிக்கு அந்தப் பக்கம் தொட்டியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மறுபடியும் தொட்டியைப் பார்த்தார். சின்ன மாமா அப்போதுதான் வேலைக்குக் கிளம்ப வெளியே வந்தவர், இவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்சை மாட்டினார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி.”

சின்ன மாமா நிமிரவில்லை.

“தண்ணி வேணும்லா.”

நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா யாரிடமும் வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எடு, கொண்டா, போ, வா, இவைதான் அவர் வார்த்தைகள். சின்ன மாமா ஒரு பூட்சோடு எழுந்தார். “எவ்ளோ?” என்றார். “உப்பு போற வரைக்கும்.” “என்னா உப்பு?” மாமா கடப்பாரையால் வளையத்தைக் காட்டினார். சின்ன மாமா வேலியருகே வந்து, வளையத்தின் விளிம்பில் இருந்த வெள்ளைப் பொருக்கையும், சுவரோரம் காலியாகக் கிடந்த இரண்டு நீல டிரம்களையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்தோடும் தண்ணீரோடும் பாதி ஆயுளைக் கழித்தவர். அவருக்கு வெங்காயம் தேவைப்படவில்லை. தொட்டியில் ரப்பர்க் குழாயை மாட்டி வேலிக்கு மேல் போட்டார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. மதியம்வரை அந்தத் தண்ணீர் ஓடியது.  ஓட்டை வழியாக வெளியே வரும் தண்ணீரை மாமா அவ்வப்போது விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், சின்ன மாமா இன்னும் விடுவார். பதினொரு மணி வாக்கில் மாமாவுக்கு நாக்கு மரத்துப்போய்விட்டது. சின்ன மாமா வேலிக்கு அடியில் கையை விட்டுத் தானும் தொட்டு வைத்துப் பார்த்து, “இன்னும் கரிக்குதுண்ணே” என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ‘அண்ணே’ அது.

மரம் பிழைத்தது. முழுசாக இல்லை, எங்கள் பக்கத்துக் கிளைகள் இரண்டு காய்ந்துபோய் வெட்ட வேண்டியிருந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பூக்கவில்லை. மூன்றாம் வருஷம் காய்த்தபோது காய் முழுவதும் சின்ன மாமா வீட்டுப் பக்கம்தான். மாமா அதற்குப் பிறகு நன்றாக ஏழெட்டு வருஷம் இருந்தார், என் பிள்ளைகளுக்கும் பெரட்டு எடுத்தார், போன வருஷம் தூக்கத்திலேயே போனார். குறை ஒன்றும் இல்லாத முடிவு. வருஷா வருஷம் நான்காம் படிவத்துக்கு வெங்காயத் தோலை உரிக்கும்போது அவர் நினைவு வந்துவிடும். பிள்ளைகளிடம் எழுதச் சொல்கிற பதிலில் அம்புக்குறி இருக்கிறது, சவ்வு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கும் சேர்த்து எனக்குத்தான் மார்க் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் பாடத்தை நடத்தும்போது, உங்கள் வீட்டில் யாராவது செடிக்கு என்ன ஊற்றுகிறார்கள் என்று ஜன்னல் வழியாக ஒழுங்காகப் பாருங்கள் என்று சொல்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. சிக்குவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சிரிப்பார்கள்.

ஆனால் நான் அவரை நினைத்துப் பெருமைப்படுவது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். பரிசத்துக்கு வருவாரா மாட்டாரா என்று சனிக்கிழமை படுக்கப் போகும்வரை எங்களுக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டது வேறு, தெரு முழுக்கச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது வேறு. காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, வேலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், மூலைவீட்டுச் சீனத்துப் பெரியவரும் வந்திருந்தார். அன்றைக்குக் கத்தல் கேட்ட எல்லாரும் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வெற்றிலை பாக்கு, பழம், புடவை, தேங்காய் எல்லாம் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். மாமாவும் எழுந்தார். தட்டுக்குக் கை நீட்ட வேண்டியவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். 

“ஒரு விசயம்” என்றார். பெரட்டுக் குரல்தான். “போன வாரம் என் தம்பி மரத்துக்கு மருந்து ஊத்துனான்னு சொன்னேன். நீங்கல்லாம் கேட்டீங்க. அவன் ஊத்தல. நாந்தான் கடல் தண்ணிய ஊத்திக் கொன்னேன். ஒரு டிரம் பத்தாதுன்னு ரெண்டு. சொன்னது தப்பு. நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னாலதான் எடுக்கணும். எடுத்துக்கிட்டேன்.”

 மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன மரம், என்ன கடல், என்ன டிரம் என்று ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. சின்ன மாமா தன் இடத்திலிருந்து எழுந்து வந்து அண்ணன் தோளருகில் நின்றார். “அண்ணே” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “அவரு எவ்ளோ நேரமா தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. கை வலிக்கும்லா. மொதல்ல வாங்குங்க.”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே திரும்பி இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார். கனமான தட்டு, ஒரு பக்கம் சாய்ந்தது. சின்ன மாமா தட்டுக்கு அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டார்.